பக்கக் கேற்றால வாங்கோ

திங்கள், 2 ஜூன்

சிட்னிக் குளிர்காலம், விடிய நாலு டிகிரி. கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. சுடுதண்ணி ஊற்றப் போனேன், வெடிக்கும் என்று இவர் கத்தினார். பழைய லைப்ரரி அட்டையால் சுரண்டிக்கொண்டு நின்றதில் ரயில் போய்விட்டது.

வேலை: கை கழுவல் கண்காணிப்பு. ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மூலையில் நின்று, நோயாளியைத் தொட முன்னும் தொட்ட பின்னும் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று பார்க்க வேண்டும். நேர்ஸ்மாருக்குள் ஒருவருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பிடிக்கும்.

இன்று கண்டவை:
– பெரிய டொக்டர். ஒரு கட்டிலில் காயத்தைத் தொட்டுவிட்டு நேரே அடுத்த கட்டில். என்னைக் கண்டதும் சானிடைசரை அமத்தினார். போத்தல் வெறுமை. ஒன்றும் வராத கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் காட்டினார். நடிகன்.
– மாணவி ஒருத்தி. வடிவாகக் கழுவினாள். கழுவின கையால் போனை எடுத்தாள்.
– நோயாளி பார்க்க வந்த சனம்: ஒருவரும் இல்லை.

கோவிட் நேரம் இதே சனம் எப்படி இருந்தது. பிறந்தநாள் பாட்டை இரண்டு தரம் பாடிப் பாடிக் கழுவினார்கள். தேசிக்காய்க்குச் சவர்க்காரம் போட்டார்கள். வாசலுக்கு வந்த பார்சலைக் குளிப்பாட்டினார்கள். இப்ப ஷொப்பிங் சென்ரர் ரொய்லெற்றில் போய் நின்று பார்க்க வேணும். ஒவ்வொருத்தியாக வெளியே வந்து கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்துவிட்டுப் போகிறாள். இன்னொரு கூட்டம் விரல் நுனியைத் தண்ணிக்குக் காட்டுகிறது, தீர்த்தம் தெளிக்கிற மாதிரி. பழைய குருடி கதவைத் திறடி. செத்துப்போவோம் என்று பயந்தபோது கழுவினார்கள், சாகவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

எங்கள் வீட்டில் சட்டம் மாறவில்லை. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றி, நேரே பாத்ரூம், சவர்க்காரம், அதற்குப் பிறகுதான் கதிரை. பிளம்பருக்கும் அதுதான், ஐயருக்கும் அதுதான். "உங்கட வீட்டுக்கு வாறதை விட ஒப்பரேசன் தியேட்டருக்குப் போகலாம் அண்ணி" என்று இவருடைய தம்பி சொல்லுவான். சொல்லட்டும். கழுவிவிட்டுச் சொல்லட்டும்.

பின்னேரம் ஆரணி வேலையால் வந்து குசினி வாசலில் நின்றாள். மகள் குசினிப் பக்கம் சும்மா வருகிற ஆள் இல்லை.

"அம்மா, சனிக்கிழமை பிரவீன் வீட்டில எங்களை வரட்டாம். மூண்டு பேரையும்."

வெங்காயக் கையோடு கட்டிப் பிடித்துவிட்டேன்.

பிரவீனும் இவளும் யூனியில் தொடங்கின பழக்கம். அவன் எங்கள் வீட்டில் சாப்பிடாத கிழமை இல்லை. தாய் தகப்பன் மட்டும் இத்தனை காலமும் எங்களைப் பார்க்க வந்ததும் இல்லை, வரச் சொன்னதும் இல்லை. கேட்டால், "அவைக்குக் கொஞ்சம் ரைம் வேணுமாம்" என்பாள். இருபத்தெட்டு வயது ஆகிவிட்டது. வேறு யாரையும் பார்க்க மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். இப்ப கூப்பிட்டுவிட்டார்கள். கலியாணக் கதைதான்.

இவர் பஸ் ஓட்டி முடித்து வந்ததும் சொன்னேன். "நல்லது" என்றார். வெள்ளைச் சேட்டுக்கு அயன் போட வேணும் என்றார். அவ்வளவுதான் இவருடைய சந்தோசம்.

சனிக்கு: பழம். கேக், முட்டை போடாதது. இவருக்குத் தலைமயிர் வெட்டு. நீலச் சேலையின் பிளவுஸ் இன்னும் அளவாக இருக்குதோ பார்க்க. இருக்காது.


சனி, 7 ஜூன்

பிளவுஸ் அளவு இல்லை. பச்சைச் சேலை.

மழைத் தூறல், காற்று. கெலிவில் பக்கம் பெரிய வீடு, இரண்டு மாடி, தூண் வைத்த முன்வாசல். காரை நிறுத்தி இறங்கி முன்வாசலுக்கு நடக்க, பிரவீன் கராஜ் பக்கத்திலிருந்து ஓடி வந்தான்.

"அன்ரி, அங்கிள், இஞ்சால. பக்கக் கேற்றால வாங்கோ. அம்மா இன்னும் கோவிட் ரூல்ஸ். கை கழுவிப்போட்டு உள்ள வரட்டாம்."

கராஜ் சுவரோடு ஒரு பைப். கம்பியில் புதுச் சவர்க்காரப் போத்தல், கொழுக்கியில் துவாய். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் ஒருத்தியாவது இருக்கிறாள். தண்ணி ஐஸ். விரல் இடுக்கு, பெருவிரல், மணிக்கட்டு என்று ஒழுங்காகக் கழுவினேன். ஆரணிக்கும் சொல்லிச் சொல்லிக் கழுவ வைத்தேன். இவர் கடைசியாக வந்து கழுவினார். துவாயைத் தொடவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். அயன் போட்ட காற்சட்டை.

பிரவீனின் தாய் சுகந்தி. என் வயது இருக்கும், என்னை விட மெல்லிசு. தகப்பன் சிரித்தபடி ஒரு கதிரையில். தேத்தண்ணி பேப்பர்க் கோப்பையில், ஒவ்வொன்றிலும் எங்கள் பெயர் எழுதி. மாறிக் குடிக்கக் கூடாதாம். பேப்பர்ப் பிளேட்டில் பலகாரம். நான் சொன்னேன், "உங்களை மாதிரி நாலு பேர் எங்கட வாட்டில இருந்தா எனக்கு வேலையே இல்லை."

"ஓம். நாங்கள் துப்புரவு கொஞ்சம் கூடப் பாக்கிற ஆக்கள்" என்றா.

பிறகு இவரிடம்: "நீங்கள் ஊரில எவடம்?"

இவர் ஊரைச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?"

"அங்கால. கடற்கரைக்குப் போற ஒழுங்கை."

"ஆ" என்றா. பிறகு மழையைப் பற்றிக் கதைத்தா.

நாங்கள் கொண்டுபோன கேக்கை வெட்டவில்லை. விரதமாக்கும். அடுத்த ஞாயிறு தகப்பனுக்கு அறுபதாவது பிறந்தநாள், வரச் சொன்னார்கள். வைகாசி போய் ஆனியில் நாள் பார்க்கலாம் என்று தகப்பன் சொன்னார். ஆரணி முகம் முழுக்கப் பல்.

காரில் நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு மாமி கிடைக்கக் குடுத்து வைத்திருக்க வேணும் என்றேன். இவர் "ஓம் ஓம்" என்றார்.


செவ்வாய், 10 ஜூன்

வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில். கால் நோ. வாஷிங் மெசின் ஓடும்போது நடுவில் நின்றுவிடுகிறது, ஆளைக் கூப்பிட வேணும்.

தேத்தண்ணி நேரம் மற்ற நேர்ஸ்மாரிடம் சுகந்தியின் பைப்பைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தி, "அவவைக் கூட்டிக்கொண்டு வா, டொக்டர்மாருக்குப் படிப்பிக்கட்டும்" என்றாள். எல்லாரும் சிரிப்பு. எனக்குப் பெருமை.

இவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் இல்லை. பிரஷர் பார்த்தேன், பரவாயில்லை. என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லையாம்.

ஆரணி கலியாண மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். குசினி மேசை முழுக்க லப்டொப். தகப்பனுக்குக் கோட் சூட்டாம். இவர் அதற்கு மட்டும் சிரித்தார்.


ஞாயிறு, 15 ஜூன்

சேலை மாற்றாமல் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுத வேணும்.

பிறந்தநாளுக்குப் போனோம். ஒழுங்கை முழுக்கக் கார். ஆரணியின் போனில் பிரவீன்: பக்கக் கேற். போனோம். நான் முதல் ஆளாகப் பைப்பைத் திறந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முன்வாசல் தெரியும். ஒரு கார் வந்து நின்றது. ஒரு டொக்டரும் பெண்சாதியும், அவரைக் கோயிலில் கண்டிருக்கிறேன். மனிசன் இறங்கி, கைலேஞ்சியில் ஊதி ஊதி மூக்குச் சிந்தி, அதைப் பொக்கற்றில் வைத்து, முன்வாசலுக்குப் போனார். சுகந்தி கதவைத் திறந்து, "வாங்கோ வாங்கோ" என்று அந்தக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா.

முதலில் நினைத்தது: மறந்துவிட்டா. ஆட்கள் கூடினால் எல்லாரும் மறப்பார்கள். என் தொழிலில் தினம் பார்ப்பதுதானே.

பிறகு இன்னொரு குடும்பம். முன்வாசல். பிறகு இன்னொன்று, கைக்குழந்தையோடு. முன்வாசல். பின்வளவில் சேற்றில் விளையாடின பெடியள் எங்களைத் தாண்டி ஓடி, காலும் கழுவாமல் கையும் கழுவாமல் குசினிக்குள் போனார்கள்.

கழுவினது நாங்கள் மூன்று பேர்.

உள்ளே போனோம். டொக்டர் அதே கையால் வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லார் கையிலும் கண்ணாடிக் கிளாஸ். எங்களுக்கு ஒரு தட்டில் தனியாக மூன்று பேப்பர்க் கோப்பை, பெயர் எழுதினது. சுகந்தி என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சுத்தம் எண்டா விருப்பமாச்சே" என்றா. பக்கத்தில் நின்ற டொக்டரின் பெண்சாதி குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அந்தக் குனிவில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.

ஆரணி அங்கேயே நின்றுவிட்டாள், பிரவீன் கொண்டுவந்து விடுவானாம். திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாள். பைப்பைக் கண்ட உடன."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹோர்ன் அடித்தான். இவர் காரை எடுத்தபடி சொன்னார். "நீ நல்ல சந்தோசமாக் கழுவிக்கொண்டு நிண்டனி. எப்பிடிச் சொல்லுறது."

மாமா, இவருடைய தகப்பன், மரம் ஏறிக் கள் இறக்கினவர். எனக்குத் தெரிந்த விசயம்தான். என் அப்பாவின் ஆட்களும் அதே தொழில். ஆனால் நான் கொழும்பில், மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பா அந்தக் கதையை வீட்டில் எடுத்ததே இல்லை. எனக்கு அது பேப்பரில் வாசிக்கிற விசயம். இவர் இன்றுதான் சொன்னார், கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில். பள்ளிக்கூடத்தில் தண்ணி விடாய்த்தால் கிணற்றைத் தொடக் கூடாதாம். வேறு ஒரு பெடியன் அள்ளி, உயர நின்று ஊற்ற, இவர் கையை ஏந்திக் குடிக்க வேணும். வாத்தியார் வீட்டில் வேலி அடைக்கப் போனால் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில்.

"சிரட்டையில பேர் எழுதுறேல்ல" என்றார். "அவ்வளவுதான் வித்தியாசம்."


திங்கள், 16 ஜூன்

மழை. வேலைக்குப் போனேன். கை கழுவுகிற பேசினடியில் சவர்க்காரத்தை அமத்திவிட்டு, தேய்க்காமலே தண்ணியில் விட்டேன்.

என் தொழிலை எடுத்து என் முகத்தில் பூசியிருக்கிறாள் சுகந்தி. கொள்ளைநோய் வந்து இத்தனை பேரைக் கொண்டுபோனது. எங்கள் வாட்டில் பிளாஸ்ரிக் உடுப்புக்குள் வேர்த்து ஊற்ற நின்றோம், சாகக் கிடந்தவர்களுக்குப் பிள்ளைகளின் முகத்தைப் போனில் காட்டினோம். அதிலிருந்து இந்த மனிசி எடுத்துக்கொண்டது இது. கை கழுவச் சொன்னால் இனி ஒருவனும் ஏன் என்று கேட்க மாட்டான். ஊரில் என்றால் சண்டை வரும், வழக்கு வரும். இங்கே சவர்க்காரப் போத்தல் ஒன்று வாங்கி வைத்தால் காணும். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். வைரசுக்குச் சாதி தெரியாது என்று அந்த நேரம் எல்லாரும் மேடைக்கு மேடை சொன்னார்கள். வைரசுக்குத் தெரியாது. பைப்புக்குத் தெரிகிறது.

நான் அதற்கு நன்றி சொன்னேன். பாராட்டினேன். வாட்டில் போய்ப் பெருமை அடித்தேன். அவள் என்னை ஊத்தை என்கிறாள், நான் "உங்களை மாதிரி நாலு பேர் வேணும்" என்கிறேன். அன்று நாங்கள் போன பிறகு எப்படிச் சிரித்திருப்பார்கள். இதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ரயிலில் இரண்டு பெண்கள், தமிழ்நாட்டுக்காரர்.
"உள்ளங்கை எரிஞ்சுதுடி, அவ்ளோ சானிடைசர் போட்டோம் அப்போ."
"இப்ப யாரு போடுறா? விடு."
எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்.

ஆரணி வந்ததும் சொன்னேன். நம்பவில்லை.

"அம்மா, இது சிட்னி. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

"டொக்டர் கழுவினவரோ?"

"அவ மறந்திருப்பா. வீடு நிறைய ஆக்கள். நீங்கள் என்ர ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் பாத்ரூமுக்குக் கலைக்கிறனீங்கள். ஒருத்தராவது குறை நினைச்சினமோ?"

"எல்லாரையும் கலைக்கிறனான். எல்லாரையும். அதைத்தான் சொல்லுறன்."

"உங்கட வேலை உங்களை இப்பிடி ஆக்கிப்போட்டுது. ஆர் என்ன பிழை விடுகினம் எண்டு பாத்துக்கொண்டே இருக்கிறீங்கள்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெற்ற பிள்ளை. சோற்றை வடித்தேன்.


வியாழன், 19 ஜூன்

வாஷிங் மெசின் ஆள் வந்தான். மெசின் பம்பில் ஒரு சொக்ஸ். கை கழுவச் சொன்னேன், கழுவினான், சிரித்தான். நல்ல பிள்ளை.

பின்னேரம் பிரவீன் சாப்பிட வந்தான். வந்ததும் வழமை போல நேரே பாத்ரூம், சவர்க்காரம். நண்டுக்கறி. கையால் உடைத்துச் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் கோபிக்க மனம் வராது. மனம் வராவிட்டாலும் கேட்டேன்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை அந்த டொக்டர் அங்கிள் எந்தப் பைப்பில கை கழுவினவர்?"

நண்டுக் கால் கையில் நின்றது. ஆரணி என்னை முறைத்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் நண்டுக் காலைத் திரும்பப் பிளேட்டில் வைத்தான், அதிலேயே அவளுக்கும் விளங்கியிருக்க வேணும்.

"அன்ரி, சொறி. அது என்ர ஐடியா."

சுகந்தி இல்லையாம். இவன். தாய் முதலே ஆட்களிடம் விசாரித்துவிட்டு, எங்களை வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்று நின்றாவாம், கோயில் மண்டபத்தில் சந்திப்பம் என்றாவாம். இத்தனை வருசமும் அதுதானாம் இழுபாடு. கடைசியில் இவன் வழி கண்டுபிடித்திருக்கிறான்.

"நான்தான் சொன்னனான், கோவிட் எண்டு சொல்லுவம், கை கழுவிப்போட்டு வரட்டும், அப்ப ஒருத்தருக்கும் நோகாது. அம்மாவும் ஓம் எண்டிட்டா. நீங்கள் நேர்ஸ், உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சன். உங்களுக்குப் பிடிச்சதுதானே அன்ரி?"

உண்மையாகவே கேட்கிறான். கண்ணில் கள்ளம் இல்லை. அந்த முகத்துக்கு ஒரு அறை விட வேணும் போல இருந்தது. தாயில் வந்த கோபத்தை விட இவனில் வந்தது கூடுதல். அவளாவது எங்களை வெறுக்கிறாள். இவன் எங்களில் விருப்பமாக இருந்துகொண்டு எங்களைப் பைப்படியில் நிற்பாட்டியிருக்கிறான்.

ஆரணி மெதுவாகக் கேட்டாள். "கலியாணம் கட்டினாப் பிறகு நான் எந்த வாசலால வாறது?"

"நீ வேற. நீ எங்கட ஆள் ஆகீடுவாய்."

"அப்ப அப்பா?"

அவன் நண்டு ஓட்டை ஓரமாக ஒதுக்கினான்.

"எங்களுக்குப் பிள்ளை பிறந்தா, அதைத் தூக்க அப்பா முதல்ல கராஜுக்குப் போக வேணுமோ?"

"ஆரு, கொஞ்சக் காலம். அவை மாறுவினம். ப்ளீஸ்."

இவர் கறிச் சட்டியை அவன் பக்கம் தள்ளி, "தம்பி, சோறு ஆறுது. சாப்பிடு" என்றார்.

அவன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துப் பிளேட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.


சனி, 21 ஜூன்

மூன்று நாள் உடுப்பு ஒன்றாகத் தோய்த்தேன். காயவில்லை. வீடு முழுக்க ஈர மணம்.

ஆரணி எங்களோடு கதைப்பதில்லை. அழுகிறாளோ தெரியாது, ஷவர் நெடுநேரம் ஓடுகிறது. லப்டொப் மூடியபடி. மண்டபம் ஒன்றுக்கு முற்பணம் கேட்டு வந்த போனை எடுக்கவில்லை.

பகல் சுகந்தி போன் எடுத்தா. எனக்கு. முதல் தரம்.

"பிள்ளையளின்ர சந்தோசம்தானே எங்களுக்கும் முக்கியம். நாங்கள் எவ்வளவோ இறங்கி வந்திட்டம். கலியாணச் சாப்பாடு மட்டும் எங்கட பக்கம் பாக்கட்டும். நீங்கள் ஒண்டுக்கும் கரைச்சல் படாதேங்கோ."

"எங்கட வீட்டுச் சாப்பாட்டில என்ன?"

"சீ சீ, அப்பிடி இல்லை. ஆக்கள் கதைப்பினம், அதுதான்."

"உங்கட மகன் எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு தரம் சாப்பிடுறவர். போன வியாழன் நண்டு. விரலெல்லாம் சூப்பினவர்."

போன் கட்டாகிவிட்டது. அவ வைத்தாவோ நான் அமத்தினேனோ தெரியாது. கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

இவருக்குச் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன், விசர் எனக்கு. தலையில் கை வைத்தார்.

"வெண்ணெய் திரண்டு வரேக்க தாழியை உடைச்சுப் போடாதை. அவளுக்கு அந்தப் பெடியனில உயிர்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டும் இல்லை. வருசத்தில நாலு தரம் போவம். கழுவச் சொன்னாக் கழுவுறன். தண்ணிதானே. அவள் சந்தோசமா இருந்தாக் காணும்."

"பேரப்பிள்ளைக்கு முன்னாலயும் கழுவுவியளோ?"

"ஓம்."

கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். சுவரில் பட்டது, அவரில் படவில்லை. இவ்வளவு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கெலிவில்லில் இல்லை என் கோபம் இப்ப, இந்தக் குசினியில் நிற்கிறது. இந்த மனிசனை எவ்வளவு சின்னதில் பழக்கியிருந்தால் "தண்ணிதானே" என்று வரும். அவர் குனிந்து கரண்டியை எடுத்தார். நான் பறித்தேன், நானே கழுவினேன்.

திரும்பிப் பார்த்தால் ஆரணி வாசலில். எவ்வளவு நேரம் நின்றாளோ. தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குப் போய்விட்டாள்.


ஞாயிறு, 22 ஜூன்

வெயில். உடுப்பு காய்ந்தது.

காலை ஆரணி "போட்டு வாறன்" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள். இவர் புல்லு வெட்டினார், வெட்டத் தேவையில்லாத புல்லு.

பகல் தாண்டி வந்தாள். கண் சிவப்பு, முகம் கழுவியிருக்கிறாள். குசினிக் கதிரையில் இருந்து சொன்னாள், பாதி தமிழ், பாதி இங்கிலிஷ். இவர் கதவடியில் நின்று கேட்டார்.

கெலிவில்லுக்குத் தனியாகத்தான் போனாளாம். பிரவீன் இன்டோர் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். முன்வாசல் பெல் அடிக்க, சுகந்தி திறந்து, "பிள்ளை, பக்கத்தால" என்று சொல்ல, இவள் பக்கத்தால் போகவில்லை. நேரே உள்ளே போய், குசினியில் ராக்கில் இருந்த ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்து, தண்ணி பிடித்து, நின்று குடித்தாளாம். முழுக்க. சுகந்தி பார்த்துக்கொண்டு நின்றாவாம். கலியாணச் சேலை என்ன நிறம் என்று கேட்டாவாம். சிரித்தாவாம். ஆரணிக்கு ஒரு நிமிசம், அம்மா பிழையாக நினைத்துவிட்டாவோ என்று கூட வந்ததாம்.

போட்டு வாறன் என்று சொல்லிக் காரடிக்கு வந்தால் கைப்பைக்குள் கார்த் திறப்பு இல்லை. திரும்பிப் போனாள். கதவு திறந்தபடி. சுகந்தி பின்வளவில் போனில் கதைத்துக்கொண்டு, முதுகு இந்தப் பக்கம். மேசையில் திறப்பு. குப்பை வாளி மூடி சரியாக மூடவில்லை. உள்ளே வெங்காயத் தோலுக்கு மேல் அந்தக் கிளாஸ்.

"உடையேல்ல அம்மா. நல்ல கிளாஸ்."

இவர் ஒரு சத்தம் போட்டார், இருமல் மாதிரி. நான் எழும்பப் பார்த்தேன், ஆரணி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"பிரவீனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"கார்ல இருந்து போன் எடுத்தனான். முடிஞ்சுது எண்டு சொன்னனான். அழுதவன். நானும் அழுதனான். அவன் இப்பவும் கேக்கிறான், ஒரு கிளாஸுக்காகவோ எண்டு."

பிறகு அவள் வாய் ஒரு பக்கம் இழுத்தது. சின்னப் பிள்ளையில் குழப்படி செய்துவிட்டு நிற்கும்போது வருகிற இழுப்பு.

"கிளாஸை வாளிக்குள்ள இருந்து எடுத்து ராக்கில மற்றதுகளோட வைச்சிட்டு வந்தனான். எல்லாம் ஒரே மாதிரி அம்மா. வாளியைத் திறக்கேக்க அவவுக்கு விளங்கும். எது எண்டு மட்டும் தெரியாது. இனி எல்லாத்தையும் எறிய வேணும், இல்லாட்டிக் குடிக்க வேணும்."

இவர் சிரித்தார். சத்தமாக, கண்ணில் தண்ணி வர. எனக்கு வாயில் வந்தது வேறு. பழக்க தோசம்.

"குப்பைக்குள்ள கிடந்தது. கழுவிப்போட்டோ வைச்சனி?"

"ஏன் கழுவ வேணும்?" என்றாள். "நான்தானே குடிச்சனான்."